கானாடுகாத்தான் வீட்டில் ஒரு நாள்: திரில்லர் குறும்படத்தின் முதல் இரண்டு நிமிஷம்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருஷம், பன்னிரண்டு நிமிஷக் குறும்படம், ஐந்து பேர், ஒரு போன், ஒரு பழைய கேமரா, கானாடுகாத்தானில் தெரிந்தவர் மூலமாக ஒரே ஒரு நாளைக்குக் கிடைத்திருக்கும் ஒரு பெரிய வீடு. சென்னையிலிருந்து பேரன் வருகிறான், வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கிறான், உள்ளே ஏற்கெனவே யாரோ இருக்கிறார்கள், இதுதான் கதை. தொடக்கத்துக்கு நீங்கள் எழுதி வைத்திருப்பது ட்ரோனில் ஓட்டுக் கூரைகள், வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) ஒரு பிணம், ரத்தம், டைட்டில், அப்புறம் 'மூன்று நாட்களுக்கு முன்' என்று ஒரு கார்டு. 'எந்தெந்த ஷாட் வைத்தால் முதல் இரண்டு நிமிஷத்திலேயே ஆளை உட்கார வைக்கலாம், அண்ணா?' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் வேறொரு கேள்விக்குப் பதில் வேண்டும், உங்கள் தடுமாற்றமும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: பார்க்கிறவருக்கு எதை முதலில் தெரியவைப்பது, எதைப் பிடித்து வைத்துக்கொள்வது? அது முடிவானால் ஷாட் பட்டியல் ஒரு மாலையில் எழுதிவிடலாம். அது முடிவாகாமல் நாற்பது ஷாட் எடுத்தாலும் எடிட்டில் உட்கார்ந்து விழிக்க வேண்டியதுதான்.

நான் உதவி இயக்குநராகச் சில வருஷம், அப்புறம் எடிட்டிங்கில் பல வருஷம் வேலை பார்த்தவன். இப்போது காரைக்குடியில் இருக்கிறேன், மாணவர்கள் படம் எடுக்க வந்தால் கூடப் போவதுண்டு. அதனால் கீழே சொல்வதில் வெளிச்சம், சத்தம், ஷட்டர் இதெல்லாம் சோதித்துப் பார்த்துச் சொல்வது, நம்பி எடுத்துக்கொள்ளலாம். கதையை எங்கே தொடங்குவது என்பதில் நான் சொல்வது என் ரசனை, அதோடு நீங்கள் சண்டை போடலாம். பின்னணி இசை என் துறை இல்லை, அதற்குள் நான் போகவில்லை.

முதலில் அந்தப் பிணம். யாரென்றே தெரியாத ஒருவர் இறந்து கிடந்தால் பார்க்கிறவருக்கு ஒரு நொடி திடுக்கென்று இருக்கும், அவ்வளவுதான். திடுக்கிடுவதும் பதைப்பதும் ஒன்றில்லை. திரில்லர் இயக்குநர் ஹிட்ச்காக் 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவோடு பேசியபோது இதற்கு ஒரு உதாரணம் சொன்னார், சினிமா படிப்பவர்கள் எல்லாருக்கும் வகுப்பில் சொல்லித்தருவது: மேசைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால் பதினைந்து நிமிஷம் பதைப்பு. உங்களிடம் பட்ஜெட் இல்லை, ஆள் இல்லை, நேரம் இல்லை, ஆனால் இந்த ஒரு வசதி காசில்லாமல் கிடைக்கிறது. பேரனுக்குத் தெரியாத ஒன்று பார்க்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரியவைக்கத்தான் அந்த இரண்டு நிமிஷம்.

'மூன்று நாட்களுக்கு முன்' வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பன்னிரண்டு நிமிஷப் படத்தில் முடிவை முன்னால் காட்டிவிட்டுப் பின்னால் போனால், நடுவில் இருக்கும் ஏழெட்டு நிமிஷமும் அந்தப் பிணம் எப்போது வரும் என்று காத்திருக்கும் நேரமாகிவிடுகிறது. முழுநீளப் படத்தில் அதைத் தாங்க இடம் உண்டு. இது விதி இல்லை, நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான் எடிட் செய்த மாணவர் படங்களில் இப்படித் தொடங்கியவை அநேகமாக எல்லாமே, கடைசியில் அந்தக் கார்டைத் தூக்கிவிட்டு நேராக ஓடவிட்டபோதுதான் உயிர் பெற்றன. ட்ரோன் ஷாட்டுக்கும் இதே கதைதான். ஓட்டுக் கூரைகள் அழகு, யார் இல்லை என்றது? ஆனால் அதைப் பார்த்ததும் சுற்றுலா விளம்பரம் நினைவுக்கு வருகிறது, பயம் வருவதில்லை. மேலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும். உங்கள் கதைக்குத் தேவை, வாசல்படியில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறவனின் கண்.

இப்போது அந்த வீட்டுக்கு வருவோம், ஏனென்றால் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து அதுதான். செட்டிநாட்டு வீட்டின் கட்டுமானமே திரில்லருக்குச் செய்த மாதிரி. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போகும், கதவுகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். முன்வாசல் நிலைக்கு நேராக நின்று, எல்லாக் கதவையும் திறந்துவிட்டுப் பாருங்கள். தேக்கு நிலைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். வளவில் மட்டும் மேலிருந்து வெயில் விழும், அதற்கு முன்னும் பின்னும் இருட்டு. இந்த ஒரே கோணத்தில் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு, கடைசியில் ஒரு புள்ளி வெளிச்சம் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. செட் போட்டு இதை எடுக்க வேண்டுமென்றால் எத்தனை லட்சம் ஆகும் என்று ஆர்ட் டிபார்ட்மென்ட் ஆளைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, வளவைச் சுற்றி இருக்கும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று என்று ஒதுக்கியவை. இன்றைக்கு அந்த மகன்களின் பேரப்பிள்ளைகள் பங்காளிகளாக ஊர் ஊராக, நாடு நாடாக இருக்கிறார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் வேறு வேறு வீட்டில் சாவி. ஒரே கூரைக்குக் கீழே யாராலும் முழுதாகத் திறக்க முடியாத வீடு. இதை நீங்கள் கதையில் எங்குமே பயன்படுத்தவில்லை. பேரன் எல்லாக் கதவையும் ஒரே சாவிக்கொத்தால் திறப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இந்தப் பக்கத்து ஆள் யாரும் அதை நம்ப மாட்டார்.

சரி, நான் எடுத்தால் எப்படித் தொடங்குவேன் என்று ஒன்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இதைப் பார்த்து உங்களுடையதை எழுதுங்கள். பேரன் வருவதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. பூட்டிய வீட்டைக் கூட்டி விளக்கேற்ற வாரம் ஒருமுறை வரும் ஒரு அம்மா முன்வாசலைத் திறக்கிறார். பூட்டையும் சாவியையும் திண்ணையில் வைக்கிறார். முதல் அகல ஷாட்: அந்த நேர்கோடு முழுவதும், கடைசியில் பின்வாசல் சாத்தியிருக்கிறது, அங்கே இருட்டு. இந்த ஷாட்டை ஏழெட்டு நொடி விடுங்கள், பார்க்கிறவர் அந்தத் தூரத்தை மனதில் அளந்துகொள்ளட்டும். அம்மா கூட்டுகிறார். வளவுக்கு வருகிறார். கையில் இருக்கும் துணியால் ஒவ்வொரு அறையின் பூட்டையும் பழக்கத்தில் துடைத்துக்கொண்டே போகிறார். முதல் பூட்டு, துணியில் துருவும் தூசியும். இரண்டாவது, அதே. மூன்றாவது பூட்டைத் துடைக்கிறார், துணியில் ஒன்றும் இல்லை. அவர் கவனிக்கவில்லை, அடுத்ததற்குப் போய்விட்டார். நாம் பார்த்துவிட்டோம். அப்புறம் அவர் முகத்தின் பக்கம் கேமரா, அவருக்குப் பின்னால் அதே நேர்கோடு, கடைசியில் இப்போது ஒரு கோடு வெளிச்சம். பின்வாசல் திறந்திருக்கிறது. அவர் குனிந்து குப்பையை அள்ளும்போது அந்த வெளிச்சம் ஒரு நொடி மறைந்து, திரும்ப வருகிறது. யாரோ குறுக்கே போனார்கள். அம்மா விளக்கேற்றிவிட்டு, வந்த வழியே போய், முன்வாசலைப் பூட்டுகிறார். கேமரா மட்டும் உள்ளேயே நிற்கிறது. பூட்டு விழும் சத்தம், டைட்டில். அடுத்து பேரன் பஸ்ஸிலிருந்து இறங்கினால், அவன் வாயைத் திறக்கும் முன்பே நமக்கு அவனைப் பற்றிக் கவலை வந்துவிடும். ஒரு வசனம் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அந்த அம்மா பின்வாசலைக் கவனிக்க வேண்டுமா கூடாதா என்பதில் எனக்கே இரண்டு மனம் உண்டு. கவனித்துவிட்டுப் பேசாமல் போனால் அது வேறு கதை, ஒருவேளை இன்னும் நல்ல கதை.

இதில் தவறக்கூடாத விஷயம் ஒன்று: திசை. பதைப்புக்கு இடம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், பின்வாசல் எங்கே, அவர் எங்கே, நடுவில் எவ்வளவு தூரம் என்று. அதனால் அந்த நேர்கோட்டுக்கு ஒரு பக்கத்திலேயே கேமராவை வைத்து எடுங்கள். அவர் உள்ளே போகும்போது திரையில் இடமிருந்து வலம் என்றால் கடைசி வரை அப்படியே. 180 டிகிரி விதி என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள், தேர்வுக்காக இல்லை, இதற்காகத்தான். அப்புறம் லென்ஸ். முதல் ஷாட்டை 24 எம்எம் மாதிரி அகல லென்ஸில் எடுத்தால் பின்வாசல் வெகு தூரத்தில் தெரியும். வெளிச்சம் மறையும் ஷாட்டுக்குக் கேமராவைத் தெரு வரைக்கும் பின்னால் தள்ளி, நீளமான லென்ஸ் போட்டு எடுத்தால் அதே பின்வாசல் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நிற்பது போல் இருக்கும். வெறும் லென்ஸை மட்டும் மாற்றினால் இது நடக்காது, கேமரா நகர வேண்டும். முன்னால் இருக்கும் முகமும் பின்னால் இருக்கும் கதவும் இரண்டுமே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால், இந்த வேலைக்கு உங்கள் பழைய கேமராவை விடப் போனே தோதுப்படலாம். சின்ன சென்சாரில் எல்லாமே ஃபோகஸில் இருக்கும். பின்னணி மங்கலாக இருந்தால்தான் சினிமா என்று நினைக்காதீர்கள், இந்தக் காட்சியே பின்னணியில்தான் நடக்கிறது.

வெளிச்சம். முந்தின நாளே போய் வீடு எந்தத் திசை பார்த்தது என்று பாருங்கள். பின்வாசல் மேற்கே என்றால் மாலை நாலு மணிக்கு மேல் அந்தக் கோடு வெளிச்சம் தானாகவே கிடைக்கும், கிழக்கே என்றால் காலை எட்டு மணிக்கு. நடுப்பகலில் வளவில் வெயில் செங்குத்தாக விழுந்து நடுவில் வெள்ளையாகக் கொதிக்கும், சுற்றியுள்ள தாழ்வாரம் கருப்பாகப் போகும், எந்தப் போனும் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்காது. அந்த நேரத்தில் சாப்பிடுங்கள், இல்லை பூட்டு, கை, துணி போன்ற குளோசப்புகளைத் தாழ்வாரத்துக்குள்ளேயே எடுங்கள். எக்ஸ்போஷரையும் வொயிட் பேலன்ஸையும் லாக் செய்யாமல் ஒரு ஷாட்கூட எடுக்க வேண்டாம். ஆள் வளவைத் தாண்டும்போது போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால், எத்தனை கலர் கரெக்ஷன் செய்தாலும் சரியாகாது. உள்ளே டியூப்லைட்டோ எல்ஈடியோ எரிந்தால் ஷட்டரை 1/50-இல் வையுங்கள், நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அப்போதுதான் படம் துடிக்காமல் இருக்கும். இரவுக் காட்சி எடுக்க நினைத்தால் நடுராத்திரி வேண்டாம், சூரியன் விழுந்த பிறகு வானம் நீலமாக இருக்கும் நேரம் போதும். நம் பக்கத்தில் அது இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான் நிற்கும். கேமரா அதற்கு முன்பே தயாராக நிற்க வேண்டும். இன்னொன்று, முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புச் சுவர் கண்ணாடி போல் இருக்கும். நீங்கள் சுவரைப் பார்த்து எடுத்தால் உங்கள் ஐந்து பேரும் உள்ளே தெரிவீர்கள். பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் ஒருவர் மானிட்டரில் இதை மட்டும் பார்க்கட்டும்.

சத்தத்துக்கு நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, அதனால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். இந்த மாதிரித் தொடக்கத்தில் பயம் பாதிக்கு மேல் காதில்தான் இருக்கிறது. அந்தப் பெரிய கூடத்தில் வசனம் பேசினால் எதிரொலி உருண்டு வரும், கேமராவில் இருக்கும் மைக்கில் எடுத்தால் கிணற்றுக்குள் பேசுவது போலிருக்கும். வசனம் இருந்தே தீர வேண்டும் என்றால் ஃப்ரேமுக்கு வெளியே தரையிலும் தூணுக்கு இடையிலும் ஜமக்காளத்தை விரித்து, தொங்கவிட்டு, மைக்கைச் சட்டையில் மாட்டுங்கள். ஆனால் வசனம் இல்லாவிட்டால் அதே எதிரொலி உங்களுக்குச் சொத்து. துடைப்பம் தரையில் உரசுவது, வளையல், புறா சிறகடிப்பது, சாவிக்கொத்து, இதையெல்லாம் தனித்தனியாகப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அப்புறம் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, வெறும் வீட்டின் சத்தம் ஒரு நிமிஷம், முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று, இரண்டாம் கட்டில் ஒன்று. ஒவ்வொன்றும் வேறாக இருப்பது எடிட்டில்தான் தெரியும். ஃபிரிட்ஜ் ஓடினால் அணைத்துவிட்டு வண்டிச் சாவியை அதற்குள் வையுங்கள், கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். கோயில் ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு, திருச்சி பக்கம் போகும் ரயில் செட்டிநாடு ஸ்டேஷனில் எப்போது வரும் என்று முந்தின நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ரயில் சத்தம் தூரத்தில் கேட்பதைப் பதிவு செய்து வைத்துக்கொண்டால் பேரன் வரும் காட்சிக்கு உதவும்.

ரத்தம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதை அந்த வீட்டில் எடுக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ண சிமென்ட் கலவையை ஊற்றிக் கையால் செய்வது, சிவப்புச் சாயம் அதில் இறங்கினால் போகாது. ஆத்தங்குடிக்கே போய் அதே டிசைனில் நாலைந்து கல் விலைக்கு வாங்குங்கள், ஹாஸ்டல் மொட்டை மாடியில் பரப்பி வைத்து அந்தக் குளோசப்பை நிதானமாக எடுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ட்ரைபாட் காலுக்குத் துணி சுற்றுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் குடும்பப் படங்கள் ஃப்ரேமில் வந்தால் வீட்டுக்காரர்களிடம் தனியாகக் கேளுங்கள். அவர்களுடைய அப்பச்சியும் அப்பத்தாவும் ஒரு கொலைக் கதையில் வருவது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்க வேண்டும். அனுமதி தந்தவர் ஒரு பங்காளிதானா, மற்றவர்களுக்குத் தெரியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். மதியம் ஒருவர் போன் செய்து நிறுத்தச் சொன்னால் உங்கள் ஒரு நாள் போய்விடும், இது நான் கூட இருந்த படப்பிடிப்பில் நடந்தது. அதேபோல் ஒரு முறை பின்தெருவில் பையன் ஒருவன் அட்டையில் செய்த அரிவாளோடு ஓடி ஒத்திகை பார்த்தபோது, தெருவில் இருந்தவர்கள் அவனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. தெருவில் ஆயுதம், துரத்தல் என்று எதுவாக இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷனில் கடிதம் கொடுத்துவிட்டு, தெருவில் நாலு வீட்டில் நேரில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு நாளில் எத்தனை ஷாட் எடுக்க முடியும்? நீங்கள் நாற்பது எழுதியிருக்கிறீர்கள். ஐந்து பேர் கொண்ட மாணவர் குழு பழக்கமில்லாத வீட்டில் ஒரு நாளில் ஒழுங்காக எடுத்து முடித்து நான் பார்த்தது பதினைந்து, மிஞ்சினால் இருபது. நான் மேலே சொன்ன தொடக்கம் பதினாலு ஷாட்டில் வந்துவிடும். அதற்காகத்தான் ஒத்திகை என்கிறேன். இந்த வாரமே ஹாஸ்டல் வராந்தாவில், வரிசையாக இருக்கும் அறைப் பூட்டுகளை வைத்து, நண்பர் ஒருவரை அந்த அம்மாவாக நடக்கவிட்டு, போனில் முழுத் தொடக்கத்தையும் எடுத்து வெட்டிப் பாருங்கள். கதை தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். 'நல்லா இருக்கா' என்று கேட்காதீர்கள், எல்லாரும் நல்லா இருக்கு என்பார்கள். 'உள்ளே என்ன இருக்குன்னு நினைக்கிறே?' என்று மட்டும் கேளுங்கள். மூன்றாவது பூட்டைப் பற்றி அவர் தானாகப் பேசினால் உங்கள் தொடக்கம் வேலை செய்கிறது. பேசாவிட்டால் துணியைக் காட்டும் ஷாட் குறைவாக இருக்கிறது, இல்லை முதல் இரண்டு பூட்டின் தூசி போதவில்லை. இதை ஹாஸ்டலில் கண்டுபிடித்தால் காசு இல்லை, கானாடுகாத்தானில் கண்டுபிடித்தால் நாள் போய்விடும்.

டைட்டில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கல்லூரி முத்திரை, துறைத் தலைவருக்கு நன்றி, வீட்டுக்காரருக்கு நன்றி எல்லாம் கடைசியில் வையுங்கள், முன்னால் முப்பது நொடி நன்றி ஓடினால் நீங்கள் கட்டிய மௌனம் வராது. படத்தின் பெயர் மட்டும், கருப்பில், பூட்டுச் சத்தத்துக்கு அப்புறம், மூன்று நொடி. அந்தச் சத்தத்துக்கு இணையத்தில் இருந்து எடுத்த பூட்டு ஓசையைப் போடாதீர்கள், அந்த வீட்டுக் கதவுக்கு ஒரு கனம் இருக்கிறது. 1945-இல் ஏவி.எம். இந்தப் பக்கம் தேவகோட்டை ரஸ்தாவில் தொடங்கி 1948-இல் சென்னைக்குப் போனதைப் படித்திருப்பீர்கள். அன்றைக்கு அவர்களிடம் இல்லாத அளவுக்குச் சின்ன ரெக்கார்டர் இன்றைக்கு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. மாலையில் எல்லாவற்றையும் மூட்டை கட்டிய பிறகு, சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால், வண்டியை அணைத்துவிட்டு, ஒருவர் போனோடு உள்பக்கம் நிலைக்கு அருகில் நிற்க, இன்னொருவர் வெளியிலிருந்து கதவைச் சாத்திப் பூட்டுங்கள், மூன்று தடவை. நின்றவர் பின்வாசல் வழியாக வந்துவிடட்டும்.